ராயப்பேட்டையில் அச்சாகி ரங்கூன் வரை போன இதழ்: நம் எழுத்துக்கு வாசகரைச் சேர்ப்பது எப்படி?

நம் பிள்ளைகள் இன்று நிறைய எழுதுகிறார்கள். ஊரின் சுடுகாட்டுப் பாதை, ஆதிதிராவிடர் நல விடுதியின் சாப்பாடு, பஞ்சாயத்துத் தலைவருக்கு நாற்காலி மறுக்கப்பட்ட கதை, பாட்டி சொன்ன பழைய பாட்டு என்று எதையும் விடுவதில்லை. கைப்பேசியில் தட்டச்சு செய்து, வலைப்பக்கத்திலோ முகநூலிலோ ஏற்றிவிடுகிறார்கள். மறுநாள் பார்த்தால் நாற்பது பேர் பார்த்திருக்கிறார்கள். அதில் முப்பது பேர் சொந்தக்காரர்களும் வகுப்புத் தோழர்களும்தான். ஒரு வாரத்தில் அந்த எழுத்து எங்கே போனது என்று எழுதியவருக்கே தெரிவதில்லை.

‘நம்முடையதை யார் படிக்கப் போகிறார்கள்’ என்று சோர்ந்து அதோடு நிறுத்திவிடுகிறவர்கள் பலர். அப்படி நிறுத்தினால் நட்டம் அந்த மாணவருக்கு மட்டும் இல்லை. அந்தச் சுடுகாட்டுப் பாதைக்கும் சேர்த்துத்தான். எழுதப்படாதது நடக்காததாகிவிடும். எழுதியும் படிக்கப்படாவிட்டால் அதற்கும் அதே கதிதான்.

பணமும் விளம்பரமும் இல்லாதவர்களின் எழுத்து வாசகரை எப்படிச் சேர்ந்தது? இந்தக் கேள்விக்கு நம் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. அதுவும் சென்னை மயிலாப்பூருக்கு மிக அருகில் இருக்கிறது.

மயிலாப்பூருக்குப் பக்கத்துத் தெரு

மயிலாப்பூர் லஸ் முனையில் தொடங்குகிறது ராயப்பேட்டை நெடுஞ்சாலை. நடந்தே போய்விடலாம். நூறு ஆண்டுகளுக்கு முன் இந்த இரண்டு பகுதிகளுக்கும் இடையே இருந்த தூரத்தை மைல் கணக்கில் அளக்க முடியாது. மயிலாப்பூரில் உயர் நீதிமன்ற வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் பல்கலைக்கழகப் பெரியவர்களும் குடியிருந்தார்கள். சென்னை மாகாண அரசியலையே ‘மயிலாப்பூர்க் குழு’ நடத்துகிறது என்று அக்காலத்தில் பேசப்பட்டது. பத்திரிகை, சட்டசபை, காங்கிரஸ் மேடை எல்லாம் அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தன.

அதே காலத்தில் பக்கத்து ராயப்பேட்டையில் சித்த மருத்துவர் ஒருவர் நான்கு பக்க வார இதழ் ஒன்றைத் தொடங்கினார். அவர் பண்டிதர் அயோத்திதாசர். 1907 ஜூன் 19, புதன்கிழமை வெளியான அந்த இதழின் பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’. விலையும் பெயரில் இருந்ததுதான். ஒரு பைசா என்பது காலணா. அன்றைய கணக்கில் ரூபாய்க்கு 64 பைசா.

பெயரிலேயே விலையைச் சொன்னதில் ஒரு தெளிவு இருக்கிறது. யார் படிக்க வேண்டும் என்பதை ஆசிரியர் முதலிலேயே முடிவு செய்துவிட்டார். கூலிக்காரர் வாங்கக்கூடிய விலை, வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாள், ஒரே உட்காரலில் படித்து முடிக்கும் அளவு. ஒருவர் படிக்கப் பலர் சுற்றி உட்கார்ந்து கேட்பது அன்றைய வழக்கம். ஆகவே ஒரு பிரதி விற்றால் ஒரு வாசகர் என்று கணக்குப் போட முடியாது.

அவருக்கு முன்பே நம்மவர்கள் இந்தப் பாதையில் நடந்திருக்கிறார்கள். ‘சூரியோதயம்’ என்ற இதழ் 1869-லேயே வந்தது. 1885-ல் ஜான் ரத்தினத்தோடு அயோத்திதாசர் சேர்ந்து நடத்திய ‘திராவிட பாண்டியன்’ வந்தது. 1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்ற மாத இதழைத் தொடங்கினார். எந்தப் பெயரைச் சொல்லி இழிவு செய்தார்களோ அந்தப் பெயரையே இதழின் தலைப்பில் வைத்தார். பத்து ரூபாய்ச் செலவில் தொடங்கிய அந்த நான்கு பக்க இதழ், இரண்டே நாளில் சென்னை நகரத்தில் 400 பிரதி விற்றதாக அவரே தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார். பின்னர் அது வார இதழாகி 1900 வரை நடந்தது.

அந்த 400 பேர் வாங்கியதோடு நின்றுவிடவில்லை. இதழ் தொடங்கிய இரண்டு மாதத்தில், 1893 டிசம்பரில், ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தோடு இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்ற காங்கிரஸ் கோரிக்கையை எதிர்த்துச் சென்னையில் பறையர் மகாஜன சபை கூடியது. அந்தத் தேர்வு இங்கே நடந்தால், ஏற்கெனவே படிப்பைக் கையில் வைத்திருக்கும் சாதியினரே அதிகாரிகளாக வந்து நம் மக்களை இன்னும் நசுக்குவார்கள் என்பது அவர்களின் வாதம். 3412 பேர் கையொப்பமிட்ட மனு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போனது. வாசகர் கூட்டம் இருந்ததால்தான் கையொப்பங்களும் அவ்வளவு வேகமாகத் திரண்டன.

வாசகர் கூட்டமா, சங்கமா?

அயோத்திதாசரின் இதழுக்கு வாசகர் சேர்ந்த விதத்தைத்தான் நம் மாணவர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும்.

இதழுக்கு முன்பே அவர் ஓர் அமைப்பைக் கட்டியிருந்தார். 1898-ல் கர்னல் ஆல்காட்டின் துணையோடு இலங்கைக்குச் சென்று பௌத்தம் ஏற்றுத் திரும்பி, ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். அதற்குக் கோலார் தங்கவயல், பெங்களூரு, திருப்பத்தூர், செகந்திராபாத் போன்ற இடங்களில் கிளைகள் உருவாயின. கடல் கடந்து ரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலும் உருவாயின. தங்கவயலின் சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பகுதியினர் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களில் இருந்து போன நம் மக்கள். ரங்கூனுக்கும் நேட்டாலுக்கும் போனவர்களிலும் கூலிக்குப் போனவர்களே அதிகம்.

‘தமிழன்’ இந்தக் கிளைகளின் வழியாகத்தான் பயணம் செய்தது. தபாலில் வரும் இதழைக் கிளைக்காரர்கள் கூட்டத்தில் படித்தார்கள். சந்தேகம் வந்தால் ஆசிரியருக்கு எழுதினார்கள். அந்தக் கேள்வியும் பதிலும் இதழில் அச்சாயின. தங்கவயலில் கேட்ட கேள்விக்கு ராயப்பேட்டையிலிருந்து வந்த பதிலை ரங்கூனில் இருந்தவர் படித்தார். ஒருவரை ஒருவர் பார்த்திராத இவர்கள் ஒரே உரையாடலில் இருந்தார்கள். வாசகர்களின் வேண்டுகோளை ஏற்று, 1908 ஆகஸ்ட் 26 முதல் ‘ஒரு பைசா’ என்ற முன்னொட்டு நீங்கி இதழின் பெயர் ‘தமிழன்’ என்றானது. பெயரையே மாற்றச் சொல்லும் உரிமை வாசகருக்கு இருந்தது என்பது சிறிய செய்தி இல்லை.

இந்தப் பிணைப்பின் வலிமை அவர் மறைவுக்குப் பிறகும் தெரிந்தது. 1914 மே 5-ல் பண்டிதர் காலமானார். பின்னர் இதழ் நின்றுபோனது. ஆனால் 1926-ல் தங்கவயலில் அது மீண்டும் எழுந்தது. ஜி. அப்பாதுரையார் அதன் ஆசிரியரானார். அங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டுப் பரப்பியது. ஆசிரியர் போன பிறகும் வாசகர்களே இதழைத் தூக்கி நிறுத்தினார்கள் என்றால், அவர்களை வெறும் வாசகர் என்று சொல்வது பொருந்தாது. அவர்கள்தான் சங்கம்.

விளம்பரம் மறுக்கப்பட்ட இதழ்

மும்பையிலும் இதே கதைதான். அண்ணல் அம்பேத்கர் 1920 ஜனவரி 31-ல் ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கினார். ‘ஊமைகளின் தலைவன்’ என்று பொருள். கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜ் 2500 ரூபாய் கொடுத்து உதவினார். இப்படி ஓர் இதழ் வரப்போகிறது என்ற விளம்பரத்தைத் திலகரின் ‘கேசரி’ இதழில் வெளியிடக் கேட்டார்கள். பணம் கொடுத்துக் கேட்டும் ‘கேசரி’ மறுத்துவிட்டது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. மற்றவர்களின் பெரிய வாசல் நமக்குத் திறக்கும் என்று காத்திருந்தால் காத்திருந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். அந்த வாசலைத் தட்டுவதை நிறுத்த வேண்டாம். கூடவே நமக்கென்று ஒரு வாசலையும் கட்டிக்கொள்ள வேண்டும்.

இணையத்தில் மயிலிறகு வைத்தவர்கள்

இனி இன்றைய காலத்துக்கு வருவோம். பள்ளிக்கூடத்தில் பிடித்த பக்கத்தில் மயிலிறகை அடையாளம் வைப்போம் அல்லவா? இணையத்தில் அதையே பலரும் சேர்ந்து செய்வதற்கு இடங்கள் உருவாயின. 2003-ல் அமெரிக்காவில் ‘டெலிஷியஸ்’ என்ற தளம் வந்தது. ஒருவர் தமக்குப் பயன்பட்ட பக்கத்தைக் குறித்துவைப்பார். அது எதைப் பற்றியது என்று ஓரிரு சொற்களில் குறிச்சொல் இடுவார். அதே சொல்லைத் தேடி வருகிற வேறொருவருக்கு அந்தப் பக்கம் கிடைக்கும். 2004-ல் ‘டிக்’, 2005-ல் ‘ரெடிட்’ வந்தன. அங்கே பிடித்ததற்கு வாக்குப் போடலாம். அதிக வாக்குப் பெற்றது முகப்புக்கு ஏறும். முகப்புக்கு வந்ததை ஆயிரக்கணக்கானோர் படிப்பார்கள்.

தமிழிலும் இதற்கு இணையான முயற்சிகள் நடந்தன. 2004-ல் காசி ஆறுமுகம் தொடங்கிய ‘தமிழ்மணம்’ அவற்றுள் முக்கியமானது. இதைத் ‘திரட்டி’ என்றார்கள். உலகின் எந்த மூலையில் யார் தமிழில் வலைப்பதிவு எழுதினாலும், தலைப்பும் முதல் சில வரிகளும் இங்கே வந்து சேரும். யாருடைய பதிவுக்கு மறுமொழிகள் வருகின்றன, வாசகர்கள் எதைப் பரிந்துரைக்கிறார்கள் என்பதும் தெரியும். வாரம் ஒருவரை ‘நட்சத்திரம்’ என்று முன்னிறுத்தினார்கள். வாக்கை மையமாக வைத்து ‘தமிழிஷ்’ வந்தது. அதுவே பின்னர் ‘இன்ட்லி’ ஆனது. பெரிய பத்திரிகைகளில் இடம் கிடைக்காத எத்தனையோ பேருக்கு இந்தத் திரட்டிகள்தான் முதல் வாசகரைத் தேடிக் கொடுத்தன. 2005-ல் தொடங்கிய ‘கீற்று’ இணையதளம் வேறொரு வகை. அது சிற்றிதழ்களைத் திரட்டித் தந்தது. 1997 முதல் வந்த ‘தலித் முரசு’ இதழ் அச்சுப் பிரதி எட்டாத ஊர்களுக்கும் நாடுகளுக்கும் அங்கிருந்து போய்ச் சேர்ந்தது.

பின்னர் குறிச்சொல்லே ஒரு மேடையானது. 2015-ல் தலித் பெண் செயற்பாட்டாளர்கள் ஏப்ரல் மாதத்தைத் ‘தலித் வரலாற்று மாதம்’ என்று அறிவித்தார்கள். அமெரிக்காவின் கறுப்பின வரலாற்று மாதம் அதற்கு முன்மாதிரி. ஒரே குறிச்சொல்லின் கீழ் பல மொழிகளில், பல நாடுகளில் இருந்தவர்கள் எழுதினார்கள். கூடி உட்கார்ந்து விக்கிப்பீடியாவில் தலித் வரலாற்றுக் கட்டுரைகளைத் திருத்தினார்கள், சேர்த்தார்கள். சிதறிக் கிடந்தவை ஒரு கயிற்றில் கோக்கப்பட்டன.

தலைகளை எண்ணினால் யார் மேலே வருவார்?

இந்த இடத்தில் ஒரு கேள்வியை நாம் கேட்டே ஆக வேண்டும். வாக்கு அதிகம் பெற்றது மேலே ஏறும் என்றால், எண்ணிக்கையில் குறைந்தவர்களின் எழுத்து எங்கே நிற்கும்?

இது கணினிக் கேள்வி மட்டும் இல்லை. 1930-ல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் எழுப்பிய கேள்வியின் இன்றைய வடிவம் இது. பெரும்பான்மைத் தலைகளை மட்டும் எண்ணி எல்லாவற்றையும் முடிவு செய்தால், ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்களின் குரல் எப்போதும் தோற்கும் என்றார்கள் அவர்கள். அதனால்தான் தனிப் பிரதிநிதித்துவம் கேட்டார்கள்.

வாக்குத் தளங்களிலும் இதுவே நடந்தது. ‘டிக்’ தளத்தில் சிலர் குழுச் சேர்ந்து தங்களுக்குள்ளேயே வாக்குப் போட்டு முகப்பைப் பிடித்தார்கள். ஒருவரே பல பெயர்களில் கணக்குத் தொடங்கி வாக்களிப்பதும் இப்படிப்பட்ட தளங்களுக்குப் பழகிய நோய். இன்று முகநூலும் யூடியூபும் எதைக் காட்டுவது என்று தாமே தீர்மானிக்கின்றன. பரபரப்பும் சண்டையும் எளிதில் மேலே வருகின்றன. சாதிப் பெருமை பேசும் காணொளிக்கு ஒரே இரவில் லட்சம் பார்வை. தீண்டாமைச் சுவரைப் பற்றிய நிதானமான கட்டுரைக்கு நூறு.

இதற்குப் போட்டியாக நாமும் பொய்க் கணக்குகள் தொடங்குவதா? கூடாது. அது அறம் இல்லை என்பது ஒரு காரணம். அதனால் பயனும் இல்லை என்பது இன்னொன்று. காசு கொடுத்து வாங்கிய லைக் நமக்காகக் கையொப்பம் போடாது, சாட்சி சொல்லாது, ஆட்சியர் அலுவலகத்துக்கு நம்மோடு வராது. பண்டிதர் லட்சம் பேரைத் தேடவில்லை. தங்கவயலிலும் ரங்கூனிலும் இருந்த சில நூறு பேரோடு விடாமல் பேசினார். நமக்கும் அதுவே வழி.

செய்ய வேண்டியவை

முதலில் எழுத்துக்கு நிலையான ஒரு முகவரி வேண்டும். வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பினால் இரண்டு கை மாறுவதற்குள் எழுதியவர் பெயர் போய்விடும். நாளும் ஊரும் போய்விடும். எழுத்தைப் படமாக்கிப் போட்டால் தேடுகிறவருக்கு அகப்படாது. எனவே இலவச வலைப்பக்கம் ஒன்றில் எழுத்தாகவே ஏற்றுங்கள். மற்ற இடங்களில் அதன் இணைப்பைக் கொடுங்கள்.

தலைப்பில் அழகைவிட அடையாளம் முக்கியம். ‘கண்ணீர்ப் பாதை’ என்று வைத்தால் யாருக்கும் ஒன்றும் புரியாது. ஊர், ஒன்றியம், பிரச்சினை மூன்றும் தலைப்பிலோ முதல் வரியிலோ இருக்கட்டும். வழக்கறிஞரோ ஆய்வு மாணவரோ அந்தச் சொற்களைத்தான் தேடுவார்கள். குறிச்சொற்களையும் அப்படியே இடுங்கள்.

எந்தக் குழுவில் சேர்ந்தாலும் முதலில் பிறர் எழுதியதைப் படியுங்கள். நன்றாக இருப்பதை ஏன் நன்றாக இருக்கிறது என்று இரண்டு வரி எழுதிப் பகிருங்கள். தன் இணைப்பை மட்டும் வீசிவிட்டுப் போகிறவரை எந்தக் குழுவும் மதிக்காது. பல தளங்கள் அவரை வெளியேற்றியும் விடும். அடுத்தவர் எழுத்தைத் தூக்கிப் பிடிக்கிறவரின் எழுத்தை அடுத்தவரும் தூக்கிப் பிடிப்பார். மொய் எழுதுவது போலத்தான்.

‘தமிழன்’ புதன்கிழமை வந்தது போல உங்களுக்கும் ஒரு நாள் இருக்கட்டும். வாரம் ஒன்று முடியாவிட்டால் மாதம் ஒன்று. கேள்வி கேட்கும் வாசகருக்குப் பதில் எழுதுங்கள். அவர் கேட்டது நியாயமானால் அடுத்த கட்டுரையே அதுவாக இருக்கலாம். வசைக்கு மட்டும் பதில் எழுத வேண்டாம். சாதி சொல்லி வசைபாடினாலோ மிரட்டினாலோ, திரையைப் படம் எடுத்து நாளோடும் இணைப்போடும் சேமித்துவையுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி புகார் கொடுக்க நேர்ந்தால் அதுதான் உங்கள் சான்று.

வன்கொடுமை பற்றி எழுதும்போது இன்னும் கவனம் தேவை. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் பெயர், படம், அடையாளம் எதையும் வெளியிடச் சட்டம் அனுமதிப்பதில்லை. சிறார்கள் என்றாலும் அப்படியே. கேட்டதைக் கேட்டது என்றும், பார்த்ததைப் பார்த்தது என்றும் பிரித்து எழுதுங்கள். ஒரு தவறான தகவல் போதும், மீதி உண்மை எல்லாவற்றையும் பொய் என்று தள்ளிவிடுவார்கள்.

காப்பாற்றி வைத்தவர்கள்

கடைசியாக ஒன்று. தளங்கள் நிலையானவை இல்லை. ‘டெலிஷியஸ்’ கைமாறிக் கைமாறி 2017-ல் புதிதாக எதையும் சேர்க்க முடியாத நிலைக்கு வந்தது. வலைப்பதிவு வாசகர்கள் பெரிதும் நம்பியிருந்த ‘கூகுள் ரீடர்’ 2013 ஜூலையில் மூடப்பட்டது. தமிழ்த் திரட்டிகளின் பழைய சந்தடியும் ஓய்ந்துவிட்டது. அவற்றை நம்பி இருந்த எழுத்துகளில் எத்தனையோ இன்று தேடினாலும் கிடைப்பதில்லை.

‘பறையன்’ இதழுக்கு நேர்ந்ததும் இதுவே. அதன் முழுத் தொகுப்பு இன்று நம் கையில் இல்லை. சுதேசிப் பத்திரிகைகள் என்ன எழுதுகின்றன என்று கண்காணிக்க ஆங்கில அரசு தயாரித்த வாராந்திரச் சுருக்க அறிக்கைகளில் இருந்துதான் அதன் பல செய்திகளை ஆய்வாளர்கள் மீட்கிறார்கள். நம்மைக் கண்காணித்தவன் வைத்த குறிப்பு நமக்கு மிஞ்சியது. நாமே வைத்திருக்க வேண்டிய குறிப்பு மிஞ்சவில்லை.

‘தமிழன்’ அந்தக் கதிக்கு ஆளாகாமல் தப்பியது. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களைத் தேடிச் சேர்த்துப் பாதுகாத்தார்கள். ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வழியாக 1999-ல் இரண்டு தொகுதிகளாகவும், 2003-ல் மூன்றாம் தொகுதியாகவும் வெளிவந்தது. அதன் பிறகுதான் கல்லூரிகளில் பண்டிதரைப் பற்றிய ஆய்வுகள் பெருகின. ஜெ. பாலசுப்பிரமணியம் 1869 முதல் 1943 வரையிலான தலித் இதழ்களைத் தேடி ஒரு நூலே எழுதினார். 2023 டிசம்பரில் கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் பண்டிதருக்கு அரசு மணிமண்டபமும் திறக்கப்பட்டது. பழைய தாள்களை யாரோ ஒருவர் பெட்டியில் வைத்திருக்காவிட்டால் இவற்றில் பாதி நடந்திருக்காது.

ஆகவே எழுதியதற்கு ஒரு பிரதி எடுத்து வையுங்கள். இணைய ஆவணக் காப்பகத்தின் ‘வேபேக் மெஷின்’ பக்கத்தில் உங்கள் முகவரியைக் கொடுத்தால் அன்றைய நிலையில் அதைச் சேமித்துக்கொள்ளும், செலவு கிடையாது. முக்கியமானதை அச்செடுத்து ஊர் நூலகத்திலோ அம்பேத்கர் மன்றத்திலோ ஒரு கோப்பில் சேருங்கள். மன்றம் உள்ள ஊர்களில் மாதம் ஒருநாள் உட்கார்ந்து, அந்த மாதம் நம் பிள்ளைகள் எழுதியதில் எது நன்றாக இருந்தது என்று பேசி, நாலைந்து இணைப்புகளைக் குறித்து அடுத்த ஊர் மன்றத்துக்கு அனுப்பலாம். அந்த ஊர் தங்களுடையதை நமக்கு அனுப்பட்டும்.

தங்கவயல் சுரங்கத் தொழிலாளி உழைத்துக் களைத்த பிறகும் காலணா கொடுத்து இதழ் வாங்கினார், படித்தார், பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்தார். நம் கையில் இருக்கும் கருவி அவர் கையில் இல்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை நம் ஊர்ப் பிள்ளை ஒருவர் எழுதியதைத் தேடிப் படித்து, ஏன் படிக்க வேண்டும் என்று இரண்டு வரி சேர்த்து, படிக்க வேண்டிய ஐந்து பேருக்கு அனுப்புங்கள்.